குளியலறைத் தண்ணீரில் வளரும் பாய்க்கோரை

கோரை என்றதும், பிடுங்கப் பிடுங்க முளைக்கும் களைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பத்தமடையிலும் கரூர், முசிறி வட்டாரங்களிலும் பாய் முடையப் பயன்படும் பாய்க்கோரை வேறு வகை. களைக்கோரை மண்ணுக்குள் சங்கிலியாகக் கிழங்கு வைக்கும். பெரும்பாலும் முழங்கால் உயரம் தாண்டாது. பாய்க்கோரை மட்டத்தண்டிலிருந்து பக்கக்கன்று விட்டு, இடுப்பளவுக்கு மேல் வளரும். ஈர நிலத்துக்கே உரிய நம் ஊர்ப் பயிர் இது.

ஏன் வளர்க்க வேண்டும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் ஏரிகள் அதிகம். அவற்றில் வீட்டுக் கழிவுநீர் கலப்பது நீண்டகாலப் புகார். குளியல் தண்ணீரில் ஒரு பகுதியையாவது வாசல் வடிகாலுக்கு விடாமல் கோரைக்குப் பாய்ச்சலாம். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். தழை, மணிச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும். ஆனால், ஒரே தொட்டி வீட்டுக் கழிவுநீர் முழுவதையும் சுத்தமாக்காது. தினமும் ஒரு வாளி என்று தொடங்குங்கள்.

நடும் முறை

இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சிமென்ட் தொட்டி போதும். நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் வையுங்கள். இரண்டு பங்கு களிமண் கலந்த தோட்ட மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் நிரப்புங்கள். தென்னை நார்க்கழிவு மிதக்கும், வேண்டாம். மூன்று, நான்கு தண்டுள்ள கட்டையை, குருத்து வெளியே தெரியும்படி நட்டு, மேலே மூன்று அங்குலம் கூழாங்கல் பரப்புங்கள்.

கூழாங்கல் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே வடிகுழாய் வையுங்கள். தண்ணீர் கல்லுக்கு மேல் தேங்காவிட்டால், டெங்கு பரப்பும் கொசு முட்டையிட இடமிருக்காது. வழியும் நீரை வாழைக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடர், கழிப்பறை அமிலம் கலந்த நீரை ஊற்றாதீர்கள். முடி, சோப்பு நுரைக்கசடை துணியில் வடிகட்டுங்கள். தனியாக உரம் தேவையில்லை. கோடையில் தொட்டி காயக் கூடாது.

கட்டையை ஏரியிலிருந்து பிடுங்கி வராதீர்கள். ஆகாயத்தாமரையும் நத்தை முட்டையும் கூடவே வரலாம். பாய்க்கோரை பயிரிடும் விவசாயியிடம் வாங்கிக் கழுவி நடுங்கள். முற்றிய தண்டுகளை அடியில் நான்கு அங்குலம் விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். அறுத்தது மூடாக்குக்கு உதவும். தொட்டி நிறைந்ததும் கட்டையைப் பிரித்து நடுங்கள். மிஞ்சியதை வெயிலில் நன்கு காயவைத்து உரக்குழியில் போடுங்கள், வடிகாலில் வீசாதீர்கள்.