மருந்தின் வழி – 17: தண்டுவட நீரில் தெரியாத மருந்து

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் இப்போது முழுநேரக் குடித்தனம் நடத்துபவை புறாக்கள்தாம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் மேல்மாடங்களில் எச்சம் காய்ந்து தூளாகிக் கிடக்கும். கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சைக்கு அது உகந்த இடம். அதன் பங்காளியான கிரிப்டோகாக்கஸ் காட்டி தைலமரங்களில் வளரும். சிவகங்கைச் சீமையில் தைலமரத்துக்குப் பஞ்சமா என்ன! பயம் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி உள்ளவர் நியோஃபார்மன்ஸைச் சுவாசித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தச் சக்தி சரிந்தவருக்குத்தான் நுரையீரலிலிருந்து மூளை உறைக்கு ஏறுகிறது.

1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும், அந்தச் சக்தியைச் சரியவைக்கும் எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். காசநோய்க்கென்று எழுந்த தாம்பரம் சானடோரியம் தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமானது. இந்தப் பூஞ்சையை நம் மருத்துவர்கள் நெருங்கிப் பார்த்த காலம் அது.

சரி, இந்தப் பூஞ்சைக்கான மருந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குள் எவ்வளவு போகிறது? ஃப்ளூகோனசோல், இரத்தத்தில் உள்ள அளவில் 70 முதல் 90 சதவீதம் வரை போய்விடும். ஆம்போடெரிசின்-பி 4 சதவீதம்கூடப் போகாது. பல நேரம் சோதனையில் தட்டுப்படுவதே இல்லை. கணக்குப்படி முதலாவதுதான் வெல்ல வேண்டும். நடப்பது நேர்மாறு. ஃப்ளூகோனசோல் தனியாகப் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான், ஆம்போடெரிசின் கொல்லும்.

காரணம், பூஞ்சை நீரில் மட்டும் மிதப்பதில்லை. மூளை உறையிலும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் குடியிருக்கிறது. ஆம்போடெரிசினும் திசுக்களில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் தங்கும் மருந்து. நீரை மட்டும் அளப்பது, கண்மாய்த் தண்ணீரை ஒரு குடம் மொண்டுபார்த்துக் கரை மண்ணின் ஈரத்தைச் சொல்வது மாதிரி.

அதனால் ஆய்வாளர்கள் மருந்தை விட்டுவிட்டுப் பூஞ்சையை எண்ணத் தொடங்கினார்கள். ஒரு மில்லி நீரில் உயிருள்ள பூஞ்சை எத்தனை, நாளுக்கு நாள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே அளவுகோல். அந்த வழியில் வந்ததுதான் ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்து 2022-ல் வெளியான ‘அம்பிஷன்’ ஆய்வு. கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த ஆம்போடெரிசின், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகள். பத்து வாரத்தில் இறப்பு 24.8 சதவீதம், தினமும் ஊசி ஏற்றிய பழைய முறையில் 28.7. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

எனக்கு மருந்தைவிட, இந்த நீரை முதுகிலிருந்து எடுக்கும் ஊசியைப் பற்றித்தான் கவலை. “முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிரும்” என்று உறவினர்கள் கையெழுத்துப் போட மறுப்பார்கள். இந்த நோயில் நீர் எடுப்பது சோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. பூஞ்சை வடிகாலை அடைப்பதால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அது 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டினால் வடித்தே ஆகவேண்டும், சிலருக்குத் தினமும். விட்டால் பார்வை போகும், உயிரும் போகும். ஊசி குத்துவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. இதைப் படம் போட்டு விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் நம் வார்டுகளில் கிடைப்பதில்லை.

அம்பிஷன் முறையில் சேர்ந்த ஃப்ளூசைட்டோசின் இந்தியாவில் நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோய்க்காக 1957-ல் உருவாக்கி, அதற்கு உதவாமல் போன அந்த மருந்தின் கதை அடுத்த வாரம்.