குதிரை ஏறுமுன் ஒரு நிமிடம்

அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் கதை உண்டு. வேட்டைக்கு வந்த பாண்டியன், ஒரு புனுகுப்பூனையைக் குதிரையில் விரட்டுகிறான். பூனை அண்ணாமலையைச் சுற்றி ஓடுகிறது. குதிரையும் விடாமல் பின்தொடர்கிறது. வலம் முடியும்போது பூனை சுருண்டு விழுகிறது. களைத்த குதிரையும் விழுந்து உயிர்விடுகிறது. அரசன் மண்ணில் கிடக்கிறான். தம் காலால் மலையைச் சுற்றிய இரு பிராணிகளும் சாபம் நீங்கி விண்ணுலகம் போகின்றன. குதிரை மேல் அமர்ந்து சுற்றியவனுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கிரிவலத்தை நடந்தே செல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் கதை இது. குதிரை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஓய்வு கொடுக்காமல் விரட்டினால் குதிரையும் விழும், ஏறியவனும் விழுவான்.

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் கால்நடைச் சந்தைக்குக் குதிரைகளும் வருகின்றன. ஆசைப்பட்டு வாங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். குதிரை ஏற எந்தத் தேர்வும் இல்லை. வேங்கிக்கால் வழியாகப் போகும் வேலூர் சாலையில் பேருந்தும் லாரியும் சுற்றுலா வேன்களும் நெருக்கியடிக்கின்றன. அப்படிப்பட்ட சாலையில் பழக்கப்படாத குதிரையை இறக்குவது ஆபத்து.

மிரளுவது அதன் இயல்பு

குதிரை முரட்டுப் பிராணி அல்ல, பயந்த பிராணி. ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும்; ஓட வழியில்லாவிட்டால் உதைக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் பின்பக்கமாகப் போகக் கூடாது. குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக நெருங்க வேண்டும். திடீர் ஹாரனும் பட்டாசும் நன்றாகப் பழகிய குதிரையைக்கூட மிரள வைக்கும்.

ஏறி உட்கார்ந்தவரின் தலை ஏறக்குறைய எட்டடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தார்ச்சாலையில் விழுந்தால் என்னவாகும்? ஆகவே குதிரையேற்றத்துக்கென்றே செய்த தலைக்கவசத்தைத் தாடைப் பட்டியோடு அணிய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும். ரப்பர் செருப்பு கூடாது. சற்றே குதிகால் உள்ள ஷூ போட்டால்தான் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது. சேணத்தின் வயிற்று வாரை ஏறுமுன் ஒருமுறை, சில நிமிடம் நடந்தபின் மறுமுறை சரிபார்க்க வேண்டும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும் என்பதால், அதற்கான தடுப்பூசியும் அவசியம்.

பந்தயத் திடல் கற்றுத்தரும் ஒழுங்கு

சென்னை கிண்டியில் 1777-லேயே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் உருவானது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.   முறையான பந்தயத் திடல்களில் ஜாக்கிக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் கட்டாயம். கால்நடை மருத்துவரும் ஆம்புலன்ஸும் தயாராக இருக்க வேண்டும். ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. தவறாக ஓட்டினால் ஸ்டீவர்டுகள் விசாரித்துத் தண்டனை தருவார்கள். பிரிட்டனில் சமதளப் பந்தயத்தில் 6 முறை, தடை தாண்டும் பந்தயத்தில் 7 முறைக்கு மேல் சவுக்கைப் பயன்படுத்தினால் தண்டனை என்று 2023-ல் விதியை இறுக்கினார்கள்.

நம் ஊர்ச் சாலைகளில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயமான ரேக்ளாவில் இந்த ஒழுங்கு இருக்கிறதா? இரும்பு லாடம் தாரில் வழுக்கும். கெட்டித் தரையில் ஓடுவதால் கால் மூட்டுகளை அதிர்வு தாக்குகிறது. பக்கத்திலேயே பைக்குகள் ஹாரன் அடித்தபடி துரத்துகின்றன. வண்டி ஓட்டுபவரின் தலையில் துண்டுதான் இருக்கிறது. வீரத்தைக் காட்ட வேறு இடமில்லையா?

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் பிராணிகளுக்காக 1965-ல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளியின்றி 5 மணி நேரம் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. திருவண்ணாமலைக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான விதி எது?

தண்டனைதான் பலவீனம். 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தத் தொகையை உயர்த்தியே ஆக வேண்டும். மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்கிறது 2001-ம் ஆண்டு விதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. தீபச் சந்தையின்போது கால்நடை மருத்துவர் முகாமும், குதிரை வாங்குவோருக்கு ஒரு மணி நேரப் பயிற்சியும் நடத்த அங்கிருந்து ஓர் உத்தரவு போதும்.

வாகன ஓட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துக்குள், குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறது பிரிட்டனின் சாலை விதிநூல். நாமும் அப்படிச் செய்யலாம். ஹாரனை மட்டும் அடிக்க வேண்டாம்.

குதிரை வாங்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கொள்ளுக்கும் லாடத்துக்கும் செலவு செய்யுமுன் தலைக்கவசம் வாங்குங்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். களைத்த குதிரையை ஓர் அடிகூட ஓட்டாதீர்கள்.