காய்ச்சல் ரிப்போர்ட்டில் கால்சியம் குறைந்தால்

இருமல், மூச்சிரைப்போடு மருத்துவமனையில் சேர்த்தவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். வெள்ளையணு, கிரியேட்டினின், சி.ஆர்.பி. எல்லாவற்றையும் தாண்டி ஒரு வரி கண்ணில் படுகிறது: கால்சியம் 7.6. கொட்டை எழுத்து, பக்கத்தில் கீழ்நோக்கிய அம்பு. பெரியம்மா கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கச் சொல்வார். மாமா மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் மாத்திரை வாங்கிவிட்டிருப்பார். வெளியூரிலிருந்து ஒருவர் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புவார். வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டிய விஷயம்தான் அது. சுவாச வைரஸ் தொற்றில் ரத்தக் கால்சியம் குறைவது கொரோனா காலத்தில் புதிதாகத் தெரிந்ததல்ல. 2003-இல் சார்ஸ் பரவியபோது கனடாவின் டொரன்டோவில் 144 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 60 சதவீதம் பேருக்குக் கால்சியம் குறைந்திருந்தது. 2020-இல் இத்தாலியின் மிலன் நகரில் சான் ரஃபாயேலே மருத்துவமனைக்கு வந்த 531 கொரோனா நோயாளிகளில் 82 சதவீதம் பேருக்கு, வந்தவுடன் எடுத்த பரிசோதனையிலேயே குறைவு. நோய் கடுமையாக இருந்தவர்களிடம் குறைவும் கூடுதலாக இருந்தது. பாக்டீரியாவால் வரும் கடும் நிமோனியாவிலும் இதைப் பார்க்கலாம். ஆகவே மருத்துவர்களுக்கு இந்த எண் நோயின் தீவிரத்தைச் சொல்லும் ஒரு தடயம். ஆனால் கால்சியத்தை ஏற்றிவிட்டால் நுரையீரல் தேறிவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதலில் எண்ணையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் சொற்ப அளவில் ஏறக்குறைய பாதி, அல்புமின் என்ற புரதத்தோடும் வேறு சில பொருட்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீதிப் பாதிதான் தனித்துத் திரிந்து நரம்பையும் தசையையும் இதயத்தையும் இயக்குகிறது. அதை அயனிக் கால்சியம் என்பார்கள். வழக்கமான ரிப்போர்ட்டில் வருவது இரண்டும் சேர்ந்த மொத்தக் கணக்கு. டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு. கடும் காய்ச்சலில் அல்புமின் இறங்கும். கூடவே மொத்தக் கணக்கும் இறங்கும், வேலை செய்கிற கால்சியம் அப்படியே இருந்தாலும்கூட. இதைச் சரிக்கட்ட ஒரு சூத்திரம் உண்டு: அல்புமின் 4 கிராமுக்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ, அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். நம் ரிப்போர்ட்டில் அல்புமின் 2.8 என்று வைத்துக்கொண்டால், 7.6 என்பது ஏறக்குறைய 8.6 ஆகிவிடுகிறது. அம்புக்குறி காணாமல் போய்விட்டது. வாங்கி வந்த மாத்திரை அட்டை மட்டும் மிச்சம்.

தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை நம்பிவிட முடியாது. அவர்களுக்கு அயனிக் கால்சியத்தை நேரடியாக அளக்க வேண்டும். தமனி ரத்த வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. இயந்திரமே பெரும்பாலும் அதைக் காட்டிவிடும். அந்தத் தாளில் 1.2 என்று பார்த்துப் பதறிப்போனவர்கள் உண்டு. அது மில்லிமோல் கணக்கு, இயல்பான அளவுதான். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மூச்சு வாங்கி வேகவேகமாகச் சுவாசிக்கும்போது கரியமில வாயு கூடுதலாக வெளியேறி ரத்தம் காரமாகிறது. அப்போது திரிந்துகொண்டிருந்த கால்சியம் அல்புமினோடு போய் ஒட்டிக்கொள்ளும். மொத்தக் கணக்கு மாறாது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். பயந்துபோய் இன்னும் வேகமாக மூச்சு விட்டால் இன்னும் மரக்கும். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வேகமாக மூச்சு வாங்குவது ஏன் என்று பார்க்க வேண்டும்.

எண்ணைப் பொய்யாக்கும் இன்னொன்றான, ரத்தம் பிடிக்கும் ஊதா மூடிக் குழாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலையே. அந்தக் குழாயின் ரத்தம் தவறிக் கால்சியம் பரிசோதனைக்குப் போனால் கால்சியம் படுமோசமாகக் குறைந்தும், பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறியும் வரும். டிரிப்ஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தாலும் கணக்கு குழம்பும். ஆள் தெம்பாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார், ரிப்போர்ட்டோ உயிருக்கு ஆபத்து என்கிறது என்றால், மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

குறைவு உண்மைதான் என்று உறுதியானால் காரணம் தேட வேண்டும். ஏற்கெனவே இருந்த வைட்டமின் டி பற்றாக்குறை, பழுதான சிறுநீரகம், மக்னீசியக் குறைவு ஆகியவை முக்கியமானவை. மக்னீசியம் இறங்கினால் ரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாது. கால்சியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. வருடக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரைகூட மக்னீசியத்தைக் குறைக்கக்கூடும். நீர் பிரிய வைக்கும் ஃபியூரோசமைடு, வலிப்புக்கான ஃபெனிடாயின், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசிகள் என்று பட்டியல் நீளும். வீட்டில் பெரியவர்கள் என்னென்ன மருந்து எடுக்கிறார்கள் என்ற சீட்டு, சேர்க்கும்போதே கையில் இருக்க வேண்டும்.

எல்லோரையும்விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் பாதிக்கப்பட்டிருந்தால், இவர்கள் காலமெல்லாம் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சலில் வாய் கசக்கிறது, வாந்தி வருகிறது என்று இரண்டு வேளை மாத்திரையை விட்டாலே அளவு சரியக்கூடும். கொரோனாவில் கடுமையான கால்சியக் குறைவு பற்றி 2020-இல் இத்தாலியிலிருந்து முதலில் வெளியான நோயாளி விவரமும் தைராய்டு நீக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றியதே. ‘எனக்குத் தைராய்டு எடுத்திருக்கு’ என்பதை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பச்சிளம் குழந்தைகள் விஷயத்திலும் கவனம் தேவை.

கால்சியம் உண்மையிலேயே குறைந்தால், உதடு, விரல் மரத்துப்போவது தொடக்கம். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். விரல்கள் தாமாக மடங்கி இறுகும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கினால் இது தெரிய வரும். தொண்டை இறுகிக் கீச்சென்ற ஒலியோடு மூச்சு வருவது, வலிப்பு, மயக்கம், படபடப்பு என்று போனால் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம். கால்சியம் குறைந்தால் இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீளும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இருமல் என்றதும் கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினும் அதே இடைவெளியை நீட்டக்கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2013-லேயே எச்சரித்தது. மேலும் அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸ் காய்ச்சலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கடுமையான குறைவுக்குக் கால்சியம் குளுக்கோனேட்டை ரத்தநாளம் வழியே மெதுவாக, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி ஏற்றுவார்கள். வேகமாகச் செலுத்தினால் இதயம் தடுமாறும். ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகும். ஊசி போட்ட இடம் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் ரத்தநாளவழிக் கால்சியத்தையும் சேர்த்துத் தரவே கூடாது. இரண்டும் சேர்ந்து படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மாத்திரையிலும் சிக்கல் உண்டு. டாக்ஸிசைக்ளின், லெவோஃப்ளாக்சாசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு கால்சியத்தைச் சேர்த்து விழுங்கினால் ஆன்டிபயாடிக் உடலில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வைட்டமின் டி பாக்கெட் இன்னும் மோசம். பெரியவர்களுக்கு ஒரு நாளைய தேவையாக ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பரிந்துரைத்தது 600 யூனிட். வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினம் ஒன்றாகக் குடித்தால் அது நூறு மடங்கு. இப்படிக் குடித்துக் கால்சியம் எகிறி, மலச்சிக்கல், தீராத தாகம், வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று படுத்தவர்கள் உண்டு. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலி, தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பெரியம்மா சொன்னதில் கெடுதல் இல்லை. கஞ்சியால் அவசரக் குறைவு சரியாகாது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டைக் கேட்டால் ‘உங்களுக்கு என்ன புரியப்போகுது’ என்று பதில் வருவது அதிசயமில்லை. புரிகிறதோ இல்லையோ, கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோய் பற்றிய விளக்கம், சிகிச்சைக்கு முன் ஒப்புதல், இரண்டாவது கருத்து, விருப்பமான கடையிலும் ஆய்வகத்திலும் மருந்தும் பரிசோதனையும் பெறுவது ஆகியவற்றை உரிமைகளாகச் சொல்கிறது. 2019-இல் மத்திய அரசு இதை மாநிலங்களுக்கு அனுப்பியது. சாசனம் தானாகவே சட்டமாகிவிடாது. ஆனால் புகார் எழுதும்போது சுட்டிக்காட்டப் பலமான ஆதாரம்.

ஆபத்தான அளவுக்குக் குறைந்த எண்ணை ஆய்வகம் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தரச்சான்று விதி. தெரிவித்தும் யாரும் கண்டுகொள்ளாமல் பாதிப்பு நேர்ந்திருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் அதில் வராது. தமிழக அரசு மருத்துவமனை குறித்த குறைகளுக்கு 104 அல்லது முதல்வரின் உதவி எண் 1100. இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஒன்றை நினைவில் வையுங்கள்: சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. எந்த நேரத்தில் எந்த எண் வந்தது, அதற்கு என்ன செய்தார்கள் என்பதைத் தாளில் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பையில் வைப்பதற்கு முன் ஒருமுறை வாசியுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதியிருந்தால் எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா? குறைவுக்கான காரணம் எழுதியிருக்கிறதா? தேவைப்பட்டவர்களுக்கு மக்னீசியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் பார்த்தார்களா? மறுபரிசோதனைக்குத் தேதி உண்டா? எதுவும் இல்லையென்றால் பில் கட்டும் கவுன்ட்டருக்குப் போகும் முன் டியூட்டி டாக்டரிடம் போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.