அட்டைக் கடனை விரைந்து அடைக்கும் வழி

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் கடன் வாங்கிச் சரக்குப் பிடிக்கும் வணிகர் முதலில் பார்ப்பது ஒரு கணக்கு. மிளகு மூட்டை கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் வட்டி எவ்வளவு, அந்த வட்டியைத் தாண்டி விலை ஏறுமா என்பதே அது. 1957-இல் ஜூ டவுனில் தொடங்கிய மிளகு முன்பேர வணிகத்திலும் இக்கணக்கு தெரியாதவர் நிலைத்திருக்க முடியாது. ஆனால் அதே வீதிகளில் உள்ள குடும்பங்கள் பல, வணிகக் கடனைவிட மூன்று நான்கு மடங்கு வட்டியுள்ள கடன் அட்டை நிலுவையை மாதக்கணக்கில் சுமந்து வருகின்றன. அதன் மாத வட்டியை ரூபாயில் கேட்டால் விடை சொல்பவர் சிலரே.

இப்பகுதியின் வருமானம் பருவத்தைச் சார்ந்தது. டச்சு அரண்மனையையும் பரதேசி யூத ஆலயத்தையும் காண வரும் பயணிகளின் கூட்டம் டிசம்பர் முதல் மார்ச் வரை மிகுதி. ஜூனில் பருவமழை தொடங்கும்போது கடை வருமானம் குறையும். பள்ளிக் கட்டணமும் சீருடையும் அப்போதுதான் வரும். தொடர்ந்து ஓணம், நம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தீபாவளி. இந்த இடைவெளியை அட்டை நிரப்புகிறது. பயன்படுத்துவதில் தவறில்லை, நிலுவையை அடுத்த பருவம் வரை இழுப்பதில்தான் இழப்பு தொடங்குகிறது.

வட்டி ஏறும் விதம்

பல அட்டைகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. ஆண்டுக்கு இது 42 சதவீதம். வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. எனவே ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு ஒரு மாதச் செலவு 3,500 ரூபாய் வட்டி, 630 ரூபாய் வரி, ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் எனக் கொண்டால், நாம் செலுத்தும் 5,000 ரூபாயில் அசலுக்குச் சேர்வது 870 ரூபாய் மட்டுமே. நிலுவை குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறைவதால், இவ்வாறே செலுத்தி வந்தால் கடன் பாதியாவதற்கே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மொத்தத் தொகையைச் செலுத்தாதவருக்கு வட்டியில்லாக் காலம் பொருந்தாது. அவர் நேற்று வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். ஆகவே நிலுவை உள்ள அட்டையைப் புதிய செலவுகளுக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைப்பதே முதல் வேலை.

தொகையை நிலையாக வையுங்கள்

குடும்பத்தால் இயன்ற ஒரு தொகையை இன்றே முடிவு செய்து, அறிக்கையில் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு இறங்கினாலும் அதையே மாதந்தோறும் செலுத்துங்கள். ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு, புதிய செலவு இல்லையெனில், கணக்கு இவ்வாறு அமையும்:

மாதம் 5,000 ரூபாய்: 44 மாதங்கள், மொத்தம் சுமார் 2,16,000 ரூபாய்.
மாதம் 7,500 ரூபாய்: 20 மாதங்கள், மொத்தம் சுமார் 1,48,300 ரூபாய்.
மாதம் 10,000 ரூபாய்: 14 மாதங்கள், மொத்தம் சுமார் 1,31,700 ரூபாய்.

மாதம் 2,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்துபவர் இரண்டு ஆண்டுகளையும், ஏறத்தாழ 68,000 ரூபாயையும் மிச்சப்படுத்துகிறார். சுற்றுலாப் பருவத்தில் வரும் உபரி, போனஸ், முடிந்த சீட்டின் தொகை ஆகியவற்றை முதலில் இக்கடனுக்கே திருப்புவது நன்று. தானியங்கிப் பற்று வசதி வைத்திருப்போர், அது குறைந்தபட்சத் தொகைக்கு அமைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் அவசியம்.

எந்த அட்டைக்கு முன்னுரிமை?

ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளில் நிலுவை இருந்தால், எல்லாவற்றிற்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, எஞ்சிய பணம் முழுவதையும் வட்டி அதிகமுள்ள அட்டைக்குச் செலுத்துங்கள். வட்டி சமமாக இருந்தால் சிறிய நிலுவையை முதலில் முடிக்கலாம். ஒரு அட்டை முடிந்ததும் அதற்குக் கட்டி வந்த தொகையை அடுத்ததுடன் சேர்க்க வேண்டும்.

வட்டி குறைந்த கடனுக்கு மாற்றுதல்

கேரளத்தில் நகைக்கடன் வசதி அறியாத வீடு இல்லை. வைப்புநிதியின் மீதும் கடன் பெறலாம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் ஒரு லட்சம் கிடைத்து, அட்டை நிலுவையை ஒரே தவணையில் அடைத்துவிட்டு, மாதம் 10,000 ரூபாய் வீதம் செலுத்தினால் 11 மாதங்களில் கடன் தீரும். வட்டி 5,000 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் காலியான அட்டையை மீண்டும் தேய்த்தால் இரண்டு கடன்கள் நிற்கும், நகையும் ஆபத்தில் இருக்கும். அட்டை நிலுவையையே தவணைகளாக மாற்றுவதாயின், செயலாக்கக் கட்டணத்தையும் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

தனியாரிடம் கைமாற்று வாங்கி அட்டையை அடைப்பது கூடாது. தமிழகத்தில் கந்துவட்டி என்பதை இங்கு 'பிளேடு' என்பர். அதற்கு எதிராகக் கேரளக் காவல்துறை 2014-இல் 'ஆபரேஷன் குபேரா' என்ற நடவடிக்கையையே எடுக்க நேர்ந்தது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் அட்டை வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. எனவே அந்த 30 சதவீத வரம்பை எவரும் நம்பியிருக்க இயலாது.

எனினும் ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் துணை நிற்கின்றன. செலுத்திய தொகையைக் கழித்த பாக்கிக்கே வட்டி கணக்கிட வேண்டும். செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலுடன் சேர்த்து வட்டி போடக் கூடாது. கெடு நாளுக்கு மேல் மூன்று நாட்களுக்கும் கூடுதலாகத் தாமதித்தால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கலாம். நிலுவை தீர்ந்த அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு உரியது.

தவணை கட்ட இயலாத நிலை வந்தால் அழைப்புகளைத் தவிர்க்காமல் வங்கியுடன் பேசுவதே நலம். தொகையைக் குறைத்து 'செட்டில்மென்ட்' செய்வது கடைசி வழியாகவே இருக்கட்டும். அக்குறிப்பு கடன் அறிக்கையில் பதிவாகி, நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது தடையாகலாம்.

இம்மாத அறிக்கையில் வட்டி, வரி ஆகிய இரு வரிகளையும் கூட்டி, அத்தொகையைக் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். கடந்த மூன்று மாத அறிக்கைகளுடன் கிளைக்கு வந்தால், எந்தத் தொகையில் எத்தனை மாதங்களில் கடன் தீரும் என்பதை உங்களுடன் அமர்ந்து கணக்கிட்டுத் தர நாங்கள் காத்திருக்கிறோம்.