கத்தரிக்காயும் கருத்துரைக் குழுவும்

அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய பயிரை உருவாக்குகின்றனர். அது வயலுக்கு வரலாமா என்று சொல்ல வேண்டியவர் யார்? கண்டுபிடித்தவரா? விற்பவரா? அரசா? அல்லது உண்பவரா? நம் நாட்டில் இக்கேள்வியைப் பெரிதாக எழுப்பியது ஒரு கத்தரிக்காய்.

முதலில் குழுவைப் பற்றிச் சிறிது கூறுவேன். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-இல் விதிகள் வகுக்கப்பட்டன. மரபணு மாற்றிய உயிர்களை ஆய்வு நிலையம் முதல் மாவட்டம் வரை பல குழுக்கள் கண்காணிக்க வேண்டும் என்பது அவற்றின் கருத்து. அவற்றுள் தலையாயது, நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் ஒப்புதற் குழு. புதிய பயிரைத் திறந்த வெளியில் விளைவிக்கலாமா என்று ஆராய்வது அதன் கடமை.

அக்குழுவின் முன் வந்ததுதான் பி.டி. கத்தரி. தண்டையும் காயையும் துளைக்கும் புழு, கத்தரிக்குப் பெரும்பகை. அதற்காக உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கின்றனர். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைக் கத்தரியில் சேர்த்தால், செடியே ஒரு புரதத்தை உண்டாக்கும். அதைத் தின்ற புழு குடல் துளைபட்டு மடியும். மகிகோ என்னும் விதை நிறுவனத்தின் இம்மரபணுவைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டு இரகங்களில் சேர்த்தது.

2009 அக்டோபர் 14-இல் குழு இசைவு தந்தது. உச்ச நீதிமன்றம் குழுவுக்குப் பார்வையாளராக அமர்த்தியிருந்த அறிஞர் பி. எம். பார்கவா, சோதனைகள் போதா என்றார். கத்தரி நம் பழம்பயிர். அதன் உறவுச் செடிகளுக்கு மகரந்தம் பரவினால் என்னாகும் என்ற ஐயமும் எழுந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9-இல் அதனை நிறுத்திவைத்தார். அதே ஆண்டில் குழுவின் பெயரில் 'ஒப்புதல்' நீங்கி 'மதிப்பீடு' வந்தது. சொல் ஒன்றே மாறிற்று, பொருளோ பெரிது. அறிஞர் மதிப்பிடலாம், முடிவுக்குப் பொறுப்பு அரசுடையது.

வங்காளதேசம் 2013-இல் இதே கத்தரியை ஏற்றுக்கொண்டது. ஏன் இவ்வேறுபாடு? தீங்கு உண்டா என்பதற்கு ஆய்வு விடை தரும். எவ்வளவு ஐயத்தை, யாருடைய நன்மைக்காகப் பொறுப்பது என்பதோ அறத்தைச் சார்ந்தது. அதற்கு உரியவர் அனைவரின் குரலும் வேண்டும்.

இங்கேதான் எல்லைப்புறத்தாராகிய நம் நிலை வருகின்றது. நான் இடுக்கியில் வளர்ந்தவன். ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களது. எங்கள் சந்தைக்குக் குமுளி, கம்பமெட்டு வழியாகவும், பாலக்காட்டுக்கு வாளையாறு வழியாகவும் தமிழ்நாட்டுக் காய்கறி வருகின்றது. கேரள அரசு பி.டி. கத்தரி வேண்டா என்றது. ஆனால் அது தமிழ்நாட்டில் விளைந்திருந்தால் மலையேறாமல் இருந்திருக்குமா? குழுக்களுக்கு எல்லை உண்டு; காய்கறி வண்டிக்கு ஏது?

மக்கள் கருத்தைக் கேட்ட ஏழு நகரங்களுள் ஒன்றேனும் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ இல்லை. நமக்கு அண்மையில் இருந்தது பெங்களூர். ஏலக்காட்டில் நாள் முழுதும் மருந்து தெளிக்கும் தமிழ்த் தொழிலாளி, கூலியை விட்டு அங்குச் சென்று பேச இயலுமா? மருந்து குறைவதன் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் வேண்டும் என்றிருப்பாரோ, வேண்டா என்றிருப்பாரோ, யாரும் கேட்கவில்லை.

2024 ஜூலை 23-இல், மரபணு மாற்றிய கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். எனினும், மாநிலங்களையும் உழவரையும் கலந்து தேசியக் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். கலந்து பேசுவது எனில் நம் மக்களையும் கேட்க வேண்டும் அன்றோ?

நண்பர்களே! மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருத்தல் வேண்டும் என்பதும் 1989 விதியே. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அது கூடுகிறதா என நாம் எழுதிக் கேட்கலாம். மரபணு என்றால் என்ன, அதை மாற்றுவது எவ்வாறு என்பதை விடுமுறையில் ஊர் செல்லும்போது நல்ல தமிழில் சொல்லலாம். புரியாத பொருளுக்குக் கருத்துக் கூற எவராலும் இயலாது. புரியவைப்பது, படித்த நம் கடன்.