அரண்மனை இல்லாத ராஜதானி

ராஜதானி என்றால் கோட்டையும் அகழியும் கொலுமண்டபமும் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகத்தில் படித்திருக்கிறோம். தென்காசியில் அவற்றைத் தேடிப் பயனில்லை. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களின் பிற்காலத் தலைநகரம் இது. நைடதம் பாடிய அதிவீரராமனும் இங்கிருந்து ஆண்டவனே. ஆயினும் அவர்கள் ஞாபகமாக இன்று ஓங்கி நிற்பது விசுவநாதர் கோயில்தான்.

ஆனி மாதச் சாரலில் ஒருநாள் நாமும் நம் மனைவியும் அங்கே போயிருந்தோம். ஒன்பது நிலைக் கோபுரம். உயரம் சுமார் 180 அடி. வாயிலில் அடி வைத்ததும் காற்று ஆளைத் தள்ளிற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியே மலை தாண்டி வரும் காற்று! அங்கவஸ்திரத்தைப் பிடிப்பதா, அர்ச்சனைத் தட்டைப் பிடிப்பதா என்று திண்டாடினோம்.

உள்ளே தூண்களில் வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, மன்மதன், ரதி ஆகியோர் உயிருடன் நிற்கிறார்கள். ரதியின் நகைகளை நம் மனைவி ஒவ்வொன்றாகப் பார்வையிடத் தொடங்கவே, பின்னால் வரக்கூடிய செலவை உத்தேசித்து அவளை அப்பால் அழைத்துச் சென்றோம்.

“எல்லாம் சரி, அரசன் குடியிருந்த அரண்மனை எங்கே?” என்று அவள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். 1446-இல் இக்கோயிலைக் கட்டத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், தன் மாளிகையைக் காக்கும்படி யாரையும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கோயிலுக்காகத்தான் வேண்டினான். பிற்காலத்தில் இதற்கு ஏதேனும் பழுது நேர்ந்தால், அதைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவரை இப்போதே பணிகிறேன் என்னும் கருத்தில் கல்லில் பாட்டுப் பொறித்து வைத்தான். முடி தரித்த மன்னன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரை வணங்குகிறான்! ராஜ்யம் கைவிட்டுப்போன குலத்தில் உதித்தவனுக்குக் கல்லின் ஆயுளும் தெரிந்திருந்தது போலும்.

பழுது வரத்தான் வந்தது. 1924-இல் கோபுரம் தீக்கு இரையாயிற்று. பிறகு 66 வருஷம் ஊர் நடுவே மொட்டைக் கோபுரம். 1990-இல்தான் ஒன்பது நிலையும் மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது. ஆகவே நாம் அண்ணாந்து பார்த்த நிலைகள் பாண்டியன் எழுப்பியவை அல்ல. அவன் எவரைப் பணிந்தானோ, அவர்கள் எழுப்பியவை.

இதைக் கேட்ட நம் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உண்டியலில் காசு போட்டவர்களுக்கும் அந்த வணக்கத்தில் பங்கு உண்டல்லவா?” என்று கைப்பையைத் திறந்தாள். ரதியின் நகையைவிட இது மலிவுதான்.

பிற்பகலில் மேற்கே சில மைல் தள்ளிக் குற்றாலம். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். தலை துவட்டியவுடன் சாப்பாட்டுக் கடைக்கு ஓடுகிறவர்களே அதிகம். பக்கத்திலுள்ள சித்திர சபையை எட்டிப் பார்ப்பவர் சிலரே. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான இங்கே அவர் சித்திரமாகவே காட்சி தருகிறார். சுவரெல்லாம் வர்ணம். ஈரத் தலையோடு நின்று அதைப் பார்த்ததில் பசி கூட மறந்துபோயிற்று.

வெளியே வந்ததும் நினைவு வந்தது. திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது மடியில் ஒரு கூடை மங்குஸ்தான். தென்காசி ரயிலடி வருவதற்குள் தோல்தான் மிச்சம்.