நாளா, மாதமா, ஆண்டா? வட்டிக் கணக்கில் ஓர் எச்சரிக்கை

நம் கடைவீதியில் வட்டியை மூன்று விதமாகப் பேசுகிறோம். கைமாற்றில் "ஒன்றரை வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். வங்கி மேலாளர் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கிறார். தண்டல்காரரோ சதவீதமே சொல்வதில்லை. நாளொன்றுக்கு இவ்வளவு என்கிறார். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று சொல்ல இயலாது.

வழி எளிது. மாத வட்டியை 12-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. ஒன்றரை வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாயை 73 நாள் வைத்திருந்தால் 18,000-ஐ 365-ஆல் வகுத்து 73-ஆல் பெருக்க, 3,600 ரூபாய் வரும். மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால் 3,650. மூன்றாம் மாதம் பிறந்துவிட்டது என்று முழு மூன்று மாதத்துக்கும் வாங்கினால் 4,500! பேசும்போதே எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மொத்த வியாபாரி, "30 நாள் கடன், ரொக்கமென்றால் 2 சதவீதம் கழிவு" என்கிறார். இரண்டுதானே என்று விட்டுவிடுகிறோம். ஓர் ஆண்டில் 30 நாள் பன்னிரண்டு முறைக்கு மேல் வருகிறது. ஆகவே அந்தக் கழிவை விடுவது ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுப்பதற்குச் சமம். வங்கியில் 12 சதவீதத்துக்குப் பணம் கிடைத்தால், அதை எடுத்து ரொக்கம் கொடுப்பதே லாபம்.

அடுத்தது தண்டல். 9,000 ரூபாய் கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். வட்டி 1,000 தான். ஆனால் அசல் தினமும் குறைகிறது. சராசரியாக நம் கையில் இருப்பது ஏறக்குறைய 4,500 மட்டுமே. 100 நாளுக்கு 22 சதவீதம். ஆண்டுக்கு 80 சதவீதத்தைத் தொடுகிறது. சிறு கடைக்காரர்கள் வருடம் முழுவதும் உழைத்தும் முதல் கரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசோலை திரும்பிய வழக்கிலும் இந்த வேறுபாடு உண்டு. வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்த "மாதம்" நாட்காட்டி மாதம். பிப்ரவரி 10-இல் தொடங்கினால் சாதாரண ஆண்டில் 28 நாளிலேயே, மார்ச் 10-இல் முடிந்துவிடும். 30 நாள் என்று எண்ணியிருந்தால் இரண்டு நாள் தாமதம். காரணம் காட்டி நீதிமன்றத்தை வேண்டி நிற்கும் நிலை வரும்.

எடைக்கல்லைச் சரிபார்க்கும் நாம், நாள் கணக்கையும் சரிபார்ப்போம். கையெழுத்திடும் முன் ஒரு நிமிடம் போதும்.